காட்டுப் புறாக்களின் குடல் ஓரணு ஒட்டுண்ணிகள்: எச்சம் எடுப்பதிலிருந்து பெயர் எழுதுவது வரை முழுமையான வழிகாட்டி

ஒரு புறாவின் எச்சத்தில் மூன்று விதமான ஓரணு உயிரிகள் இருக்கலாம். ஒன்று சூடு ஆறியதும் அசைவை நிறுத்திவிடும். அதற்குப் பிறகு கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்றைக் காற்றோட்டத்தில் சில நாள் வைத்தால்தான் என்னவென்று சொல்லலாம். மூன்றாவது, சாயம் ஏற்றாமல் கண்ணில் படாது. புதிதாக வருபவர்கள் எச்சம் முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டு, பிறகு நிதானமாகப் பார்க்கலாம் என்று நினைக்கிறார்கள். அந்த ஒரு செயலில் முதலிரண்டும் கைவிட்டுப் போகின்றன.

அதனால் இங்கே படிகளின் வரிசைதான் முக்கியம். எது சீக்கிரம் கெடுமோ அதை முதலில் பாருங்கள்.

1. எதைத் தேடுகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

புறா எச்சத்தில் மிக அடிக்கடி கிடைப்பது ஐமேரியா. கோழிகளில் ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா கூட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் புறாவுக்கு வருவது வேறு இனங்கள். மாடப்புறாவில் ஐமேரியா லாபியானா, ஐமேரியா கொலம்பாரம், ஐமேரியா கொலம்பே ஆகியவை விவரிக்கப்பட்டிருக்கின்றன. எச்சத்தில் வருவது இதன் ஊசிஸ்ட், அதாவது தடித்த சுவருள்ள முட்டை போன்ற நிலை.

இரண்டாவது, ஸ்பைரோநியூக்ளியஸ் கொலம்பே. பழைய நூல்களில் ஹெக்சமிட்டா என்ற பெயரில் இருக்கும். சிறுகுடலில் வாழும் கசையுயிரி, அதாவது சாட்டை போன்ற இழைகளால் நீந்துவது; நீளம் சுமார் 5 முதல் 9 மைக்ரான். உயிரோடு நீந்தும்போதுதான் அடையாளம் தெரியும்.

மூன்றாவது கிரிப்டோஸ்போரிடியம். இதன் ஊசிஸ்ட் பெரும்பாலும் 4 முதல் 6 மைக்ரான்தான். ஈஸ்ட் செல்லோடு எளிதில் குழம்பும்.

டிரைக்கோமோனாஸ் கல்லினேயைப் பலரும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அது வாழும் இடம் வாய், தொண்டை, தீனிப்பை. தொண்டையிலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுத்த மாதிரியில்தான் தேட வேண்டும். எச்சத்தில் காணவில்லை என்பதை வைத்து “டிரைக்கோமோனாஸ் இல்லை” என்று எழுதினால், அந்த வரிக்கு எந்தப் பொருளும் இல்லை.

2. களத்துக்குப் போகும் முன் தயாராக இருக்க வேண்டியவை

எச்சம் கையில் வந்த பிறகு கரைசல் காய்ச்ச உட்கார்ந்தால் நேரம் போய்விடும். கீழே உள்ளவை முந்தைய நாளே தயாராக இருக்கட்டும்.

உப்புநீர்: 1 லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு. ஈர ஸ்லைடுக்கு இது போதும். பயன்படுத்தும் நேரத்தில் 37 முதல் 40 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். சின்ன ஃபிளாஸ்க்கில் ஊற்றி எடுத்துப் போகலாம்.

செறிந்த உப்புக் கரைசல்: 1 லிட்டர் சுடுநீரில் சுமார் 400 கிராம் உப்பு. ஆறிய பின் அடியில் கொஞ்சம் உப்பு கரையாமல் தங்கினால் சரியாக வந்திருக்கிறது. மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள்.

சர்க்கரைக் கரைசல்: 355 மில்லி தண்ணீரில் 454 கிராம் சர்க்கரை. நேரடி நெருப்பில் வைத்தால் கருகும், நிறம் ஏறும். சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரத்தை வைத்துக் கரைக்க வேண்டும். பூஞ்சணம் பிடிக்காமலிருக்க, ஆறிய பின் 6 மில்லி ஃபார்மலின் சேர்ப்பது வழக்கம். மிதக்கவிட்டு எடுத்த ஊசிஸ்டை முதிர வைக்கவும் உத்தேசமிருந்தால் ஃபார்மலின் வேண்டாம். குளிர்பெட்டியில் வைத்து சில நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் இல்லையென்றால் தராசு போதும். 100 மில்லி சர்க்கரைக் கரைசல் 125 முதல் 127 கிராம் நிற்க வேண்டும். செறிந்த உப்புக் கரைசல் 120 கிராம் நிற்க வேண்டும். இதைச் சரிபார்க்காமல் விடுவதுதான் “ஒன்றுமே மிதக்கவில்லை” என்ற புகார்களில் பாதிக்குக் காரணம்.

பொட்டாசியம் டைகுரோமேட், 2.5 சதவீதம்: 1 லிட்டரில் 25 கிராம். இது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நச்சுப்பொருள். தூளை எடை போடும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். முடிந்தவரை, தயார் கரைசலாகவே வாங்கிக்கொள்வது நல்லது.

இவை தவிர: 70 சதவீத எத்தனால், மூடியுள்ள சிறு குப்பிகள், அழியாத மை, 0.01 கிராம் வரை காட்டும் தராசு, நுண்ணிய வடிகட்டி அல்லது இரண்டடுக்கு காஸ் துணி, ஊசிஸ்ட் எண்ணுவதற்கு இரண்டு அறைகள் கொண்ட மெக்மாஸ்டர் ஸ்லைடு, 10, 40, 100 ஆப்ஜெக்டிவ்கள் உள்ள நுண்ணோக்கி, ஐபீஸ் அளவுகோல்.

ஐபீஸ் அளவுகோலை ஒவ்வொரு ஆப்ஜெக்டிவுக்கும் தனித்தனியாக அளவு திருத்தி, எண்ணை எழுதி நுண்ணோக்கியின் மேலேயே ஒட்டுங்கள். எடுத்துக்காட்டாக, ஐபீஸின் 40 கோடுகள் ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் எனும் அளவுகோல் ஸ்லைடின் 100 மைக்ரானோடு பொருந்தினால் ஒரு கோடு 2.5 மைக்ரான். 7 கோடு நீளமுள்ள ஊசிஸ்ட் அப்போது 17.5 மைக்ரான். 40-இல் எடுத்த எண்ணை 10-இலும் போட்டுப் பெருக்கி, இல்லாத புது இனத்தைக் “கண்டுபிடித்தவர்கள்” நிறையப் பேர்.

3. உங்கள் பாதுகாப்பு

புறாவின் ஐமேரியா மனிதருக்குத் தொற்றாது. ஆனால் அதே எச்சத்தில் கிளமைடியா சிட்டாசி, சால்மொனெல்லா ஆகிய பாக்டீரியாக்கள் இருக்கலாம். கிரிப்டோஸ்போரிடியம் மெலியாக்ரிடிஸ் மனிதருக்கும் வரும். காய்ந்த எச்சம் தூளாகப் பறப்பதுதான் பெரிய ஆபத்து. என்95 முகக்கவசம், கையுறை அணியுங்கள். காய்ந்ததைச் சுரண்ட வேண்டாம். ஆய்வுக்கும் அது உதவாது.

4. எச்சம் எடுப்பது

எந்தப் பறவையின் எச்சம் என்று தெரியாவிட்டால், பின்னால் செய்யும் எல்லா நுணுக்கமும் வீண். புறாக்கள் அடையும் மரத்தில் வேறு பறவைகளும் அடையும். தரையில் கிடக்கும் எச்சத்தைப் பார்த்து “புறாவுடையது போல இருக்கிறது” என்று எடுக்காதீர்கள்.

நம்பகமான வழி இது. புறா உட்காரும் கிளைக்கோ இரை தேடும் இடத்துக்கோ கீழே சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, தள்ளி உட்கார்ந்து தொலைநோக்கியில் கவனியுங்கள். எந்த இனம், எந்த இடத்தில் எச்சமிட்டது என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எடுங்கள். எடுக்கும்போது விரிப்பில் அதன் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டால், அதே எச்சத்தை இரண்டு முறை எடுக்கும் பிழை நேராது.

விரிப்பு போட முடியாத இடத்தில் எச்சத்தின் மேற்பகுதியை மட்டும் ஐஸ்கிரீம் குச்சியால் எடுங்கள். மண்ணைத் தொட்ட பகுதியில் மண்ணில் வாழும் அமீபா, கசையுயிரிகள், பூஞ்சை வித்துகள் எல்லாம் ஏறியிருக்கும். அவற்றைப் பறவையின் ஒட்டுண்ணி என்று எண்ணிவிடுவீர்கள்.

காட்டுப் பறவையைப் பிடிக்கப் பெரும்பாலான நாடுகளில் முறையான அனுமதி தேவை. பறவைகளின் காலில் அடையாள வளையமிடும் குழுவோடு சேர்ந்து வேலை செய்தால், பறவையை வைத்திருக்கும் துணிப்பையின் அடியில் சுத்தமான தாளைப் போட்டு வையுங்கள். எந்தப் பறவை, என்ன வயது என்ற விவரங்களோடு கிடைக்கும் எச்சம் அதுதான். இதைவிட நல்ல மாதிரி இல்லை. ஆனால் எச்சத்துக்காகவே பறவையைப் பையில் காக்க வைக்கக் கூடாது. வளையமிடும் வேலை முடிந்ததும் விட்டுவிடுங்கள். எச்சம் இல்லையென்றால் இல்லை, அவ்வளவுதான்.

குப்பியின் உடம்பில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் மூடி மாறும். இனம், தேதி, இடம், எச்சம் விழுந்த மணி, எடுத்த மணி, எச்சத்தின் தன்மை ஆகியவை வேண்டும். மணியை எழுதுவதற்குக் காரணம் உண்டு. காக்சிடியாவின் ஊசிஸ்ட் வெளியேற்றம் நாள் முழுவதும் ஒரே அளவில் இருக்காது. காலை எச்சத்தையும் மாலை எச்சத்தையும் ஒப்பிட்டு “இந்தக் கூட்டத்தில் தொற்று அதிகம்” என்று சொல்ல முடியாது. ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் எடுங்கள்.

5. வெள்ளையை விலக்கி, பங்கு பிரிப்பது

எச்சத்தின் மேல் இருக்கும் வெள்ளைப் பகுதி யூரேட், சிறுநீரகத்திலிருந்து வருவது. குடல் ஒட்டுண்ணிக்கு அதில் வேலையில்லை. எடையோடு சேர்ந்தால் கிராமுக்கான எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும். உருண்டைத் துகள்களால் கண்ணையும் ஏமாற்றும். குச்சி நுனியால் முடிந்தவரை ஒதுக்குங்கள்.

மீதி உள்ள கரும்பகுதியை இந்த வரிசையில் பிரியுங்கள்.

• கடுகளவு: உடனே ஈர ஸ்லைடுக்கு.
• மிதக்கவிட சுமார் அரை கிராம், எண்ணுவதற்கு 0.2 கிராம்: அன்றே பார்க்காவிட்டால் 4 டிகிரியில்.
• கிடைக்கும் மிச்சத்தில் பெரும்பங்கு: டைகுரோமேட்டில்.
• இரண்டு மெல்லிய பூச்சு ஸ்லைடுகள்: காற்றில் உலர்த்தி, கிரிப்டோஸ்போரிடியம் சாயத்துக்கு.
• மரபணு ஆய்வு செய்யும் எண்ணமிருந்தால் ஒரு சிட்டிகை: எத்தனாலில்.

சின்னப் புறா இனங்களின் ஒற்றை எச்சத்தில் இவை எல்லாவற்றுக்கும் போதிய பொருள் இருக்காது. அப்படியானால் ஈர ஸ்லைடையும் டைகுரோமேட்டையும் காப்பாற்றுங்கள், எண்ணிக்கையை விடுங்கள். இருக்கிறது, இந்தப் பேரினம் என்று உறுதியாகச் சொல்வது, என்னவென்று தெரியாத ஒன்றை எண்ணிச் சொல்வதைவிட மேல்.

6. ஈர ஸ்லைடு: எச்சம் சூடாக இருக்கும்போதே

ஸ்லைடின் நடுவில் வெதுவெதுப்பான உப்புநீர் ஒரு துளி. கடுகளவு எச்சத்தைக் குச்சியால் கரைத்து, கவர்ஸ்லிப் போடுங்கள். அச்சடித்த தாளின் மேல் ஸ்லைடை வைத்தால் எழுத்து மங்கலாகவாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பூச்சு தடிப்பு, புதிதாகப் போடுங்கள்.

வெறும் தண்ணீரில் கரைக்கக் கூடாது. உப்பு இல்லாத நீர் உள்ளே ஏறிக் கசையுயிரிகள் வீங்கி வெடித்துவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த எச்சத்திலும் தேட வேண்டாம்; அசைவு நின்றிருக்கும்.

ஒளியைக் குவிக்கும் கண்டென்சரைச் சற்றுத் தாழ்த்தி, ஒளி நுழையும் துளையான டயாபிரத்தைச் சுருக்குங்கள். முழு வெளிச்சத்தில் நிறமற்ற உயிரிகள் கரைந்துபோன மாதிரி தெரியாமல் போகும். 10-இல் அசைவைத் தேடி, 40-இல் உற்றுப் பாருங்கள்.

அசைவின் பாணியே பாதி அடையாளம். ஸ்பைரோநியூக்ளியஸ் அம்பு விட்டது போல ஒரே திசையில் வேகமாக ஓடும். பார்வை வட்டத்தை நொடிக்குள் கடந்துவிடும். அதற்கு 8 கசைகள்: 6 முன்பக்கம், 2 பின்னால் இழுபடும். டிரைக்கோமோனாஸ் வகை உயிரி இடறி இடறி உருளும். பக்கவாட்டில் ஒரு மெல்லிய சவ்வு அலையலையாக ஓடுவது தெரியும். பாக்டீரியாக்கள் அதிர்வதும் துகள்கள் இடம் மாறாமல் நடுங்குவதும் உயிரியின் நீச்சல் அல்ல. எல்லாத் துகளும் ஒரே பக்கம் நகர்ந்தால் அது கவர்ஸ்லிப்புக்கு அடியில் திரவம் ஓடுவது; நிற்கும் வரை பொறுங்கள்.

ஒரு ஸ்லைடில் பார்வை வட்டங்களை வரிசையாகக் கடந்து முழு கவர்ஸ்லிப்பையும் பாருங்கள். கைப்பேசியில் பத்து நொடி காணொளி எடுத்து வைத்தால் பின்னால் வாதத்துக்கே இடமில்லை.

7. மிதக்கவிடுவது

ஊசிஸ்டின் அடர்த்தி தண்ணீரைவிட அதிகம், நம் கரைசலைவிடக் குறைவு. குப்பை அடியில் இறங்க, ஊசிஸ்ட் மேலே வரும்.

சுமார் அரை கிராம் எச்சத்தை 10 மில்லி தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, 15 மில்லி குழாயில் ஊற்றி, நிமிடத்துக்கு 1500 சுற்று வேகத்தில் 5 நிமிடம் சென்ட்ரிபியூஜில் சுற்றுங்கள். மேல்நீரைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதைச் சர்க்கரைக் கரைசலில் நன்றாகக் கலக்குங்கள். அடிவண்டல் முழுதும் கலையாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் ஊசிஸ்டும் அதோடே தங்கிவிடும். பிறகு மீண்டும் 5 நிமிடம் சுற்றி, குழாயை நிமிர்த்தி நிறுத்தி, விளிம்புக்கு மேல் திரவம் சற்றுக் குவிந்து நிற்கும் வரை சொட்டு சொட்டாகக் கரைசல் விடுங்கள். மேலே கவர்ஸ்லிப்பை வைத்து 10 நிமிடம் கழித்து நேராக மேலே தூக்கி ஸ்லைடில் வையுங்கள். இழுத்து எடுத்தால் ஒட்டியிருந்தது வழிந்துவிடும்.

சென்ட்ரிபியூஜ் இல்லாமல் நிறுத்தி வைத்தும் செய்யலாம். அப்போது 20 நிமிடமாவது பொறுக்க வேண்டும். குறைந்த தொற்று தவறிப்போகும் வாய்ப்பும் அதிகம்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது குவியத்தில். ஊசிஸ்ட் கவர்ஸ்லிப்பை ஒட்டி மேல் தளத்தில் நிற்கும். குப்பை கீழ்த் தளத்தில். கண்ணுக்குச் சட்டென்று தெளிவாகப்படுவது குப்பை என்பதால், அங்கேயே குவியத்தை நிறுத்தி முழு ஸ்லைடையும் ஓட்டிவிடுகிறார்கள். முதலில் ஒரு காற்றுக் குமிழியைக் கண்டுபிடியுங்கள். அதன் கறுத்த விளிம்பு கூர்மையாகத் தெரியும் உயரத்தில்தான் ஊசிஸ்டும் இருக்கும்.

ஐமேரியா ஊசிஸ்ட் எப்படி இருக்கும்? லாபியானாவாக இருந்தால் ஏறத்தாழ உருண்டை, பொதுவாக 15 முதல் 20 மைக்ரான். சுவர் இரட்டைக் கோடாக, வழவழப்பாக, லேசாக மின்னும். உள்ளே மணல் போன்ற ஒற்றை உருண்டை; சுவருக்கும் உருண்டைக்கும் இடையே தெளிந்த இடைவெளி. குவியத் திருகை மெல்ல ஆட்டினால் சுவர் பளிச்சிட்டு மங்கும்.

ஏமாற்றுபவை நான்கு. காற்றுக் குமிழி: தடித்த கறுப்பு விளிம்பு, உள்ளே வெறுமை. மகரந்தம்: சுவரில் துளைகளோ முட்களோ இருக்கும். மாவுத்துகள்: ஒரு துளி அயோடின் விட்டால் கருநீலமாகும்; தானியம் தின்னும் பறவை என்பதால் இது நிறைய வரும். யூரேட் உருண்டை: இரண்டு போலராய்டு தாள்களைக் குறுக்காக வைத்துப் பார்த்தால் பளிச்சென்ற சிலுவை தெரியும். மாவுத்துகளிலும் அந்தச் சிலுவை தெரியும் என்பதால் அயோடினையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

8. எண்ணுவது

மெக்மாஸ்டர் ஸ்லைடின் இரண்டு அறைகளும் சேர்ந்து 0.3 மில்லி. வழக்கமான செய்முறை 2 கிராம் எச்சத்துக்கு 28 மில்லி கரைசல் என்று சொல்லும். காட்டுப் புறாவிடமிருந்து 2 கிராம் எதிர்பார்க்க முடியாது. விகிதம் மாறாமல் குறைத்துக்கொள்ளலாம்: 0.2 கிராமுக்கு 2.8 மில்லி செறிந்த உப்புக் கரைசல். இரண்டு அறைகளின் எண்ணிக்கையைக் கூட்டி 50-ஆல் பெருக்கினால் ஒரு கிராமில் உள்ள ஊசிஸ்ட் எண்ணிக்கை. ஒரு அறையில் 7, மற்றதில் 9 என்றால் 16 × 50 = 800.

கலக்கிய உடனே டிராப்பரில் உறிஞ்சி அறையை நிரப்புங்கள். அரை நிமிடம் தாமதித்தாலும் ஊசிஸ்ட் மேலேறத் தொடங்கும். டிராப்பர் எந்த உயரத்தில் உறிஞ்சுகிறதோ அதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். நிரப்பிய பின் 5 முதல் 10 நிமிடம் பொறுத்து 10 ஆப்ஜெக்டிவில் எண்ணுங்கள். அரை மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். உப்பு படிகமாகும், ஊசிஸ்ட் சுருங்கி நசுங்கும்.

இந்த முறையில் 50-க்குக் கீழ் எதுவும் தெரியாது. அறையில் ஒன்றும் இல்லையென்றால் “0” என்று எழுதாமல் “50-க்குக் கீழ்” என்று எழுதுங்கள். அதே எச்சம் சர்க்கரைக் கரைசலில் மிதக்கவிட்டபோது ஊசிஸ்ட் காட்டியிருக்கலாம்.

9. முதிர வைப்பது

புதிதாக வெளிவந்த ஊசிஸ்டுக்குள் ஒரே உருண்டைதான் இருக்கும். ஐமேரியாவும், காக்சிடியாவின் இன்னொரு பேரினமான ஐசோஸ்போராவும் இந்த நிலையில் ஒன்றுபோலவே தோன்றும். காற்றும் ஈரமும் மிதமான வெப்பமும் கிடைத்தால் உள்ளே பிரிந்து ஸ்போரோசிஸ்ட்கள் எனும் சிறு உறைகள் உருவாகும்; அப்போதுதான் பேரினம் தெரியும்.

ஐமேரியா என்றால் 4 ஸ்போரோசிஸ்ட், ஒவ்வொன்றிலும் 2 ஸ்போரோசாயிட் (தொற்றை உண்டாக்கும் நிலை). ஐசோஸ்போரா என்றால் 2 ஸ்போரோசிஸ்ட், ஒவ்வொன்றிலும் 4. மொத்தம் இரண்டிலும் எட்டுதான். பிரிந்திருக்கும் விதம்தான் வேறு.

எச்சத்தைப் போல ஐந்து மடங்குக்குக் குறையாமல் 2.5 சதவீத டைகுரோமேட் விட்டு, கலக்கி, வடிகட்டி, பெட்ரி தட்டில் ஊற்றுங்கள். ஆழம் 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மூடியை ஒரு தீக்குச்சி கொடுத்துச் சற்றுத் திறந்தபடி வையுங்கள். 24 முதல் 28 டிகிரி, நேரடி வெயில் படாத இடம். தினமும் ஒருமுறை மெல்லச் சுழற்றி, ஆவியான அளவுக்குத் தண்ணீர் சேருங்கள்.

டைகுரோமேட் ஊசிஸ்டை முதிரச் செய்வதில்லை. பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகி ஆக்சிஜனைத் தீர்த்துவிடாமல் அது தடுக்கிறது. முதிர வைப்பது காற்று. இது புரிந்தால் வழக்கமான தோல்விகளின் காரணமும் புரியும். குப்பியை இறுக மூடி வைத்தால் முதிராது. ஆழமாக ஊற்றினால் அடியில் உள்ளவை முதிராது. எச்சம் அதிகமாகி, ஆரஞ்சு நிறம் மங்கிப் பச்சையோடிய பழுப்பாக மாறினால் டைகுரோமேட் செலவாகிவிட்டது என்று பொருள், புதிதாகச் சேருங்கள். உறைநிலைப் பெட்டியில் வைத்ததும், வெயிலில் நின்ற வண்டிக்குள் கிடந்ததும், ஃபார்மலின் பட்டதும் ஒருநாளும் முதிராது.

24 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு துளி எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் சில நாளில் முதிர்ந்துவிடும். ஒரு வாரம் வரை பொறுக்கலாம். 100 ஊசிஸ்ட் எண்ணி அதில் 70-க்கு மேல் முதிர்ந்திருந்தால் மூடி 4 டிகிரிக்கு மாற்றுங்கள்.

புறா எச்சம் என்று எடுத்ததில் இரண்டு ஸ்போரோசிஸ்ட் உள்ள ஊசிஸ்ட் வந்தால், புதுக் கண்டுபிடிப்பு என்று எழுதும் முன் நாலாவது படிக்குத் திரும்புங்கள். ஐசோஸ்போரா சிட்டுக்குருவி, மைனா போன்ற பாடும் பறவைக் கூட்டத்தில் மிகச் சாதாரணம். எச்சம் மாறியிருக்கிறதா, மேலிருந்து வேறொன்று விழுந்து கலந்ததா என்று பார்த்து, உறுதியாக அறிந்த புறாவிடமிருந்து மறுபடி எடுத்த பிறகு பேசலாம்.

10. அளப்பதும் பெயரிடுவதும்

முதலில் டைகுரோமேட்டைக் கழுவுங்கள். தண்ணீர் சேர்த்துச் சுற்றி மேல்நீரை எடுப்பதை, நிறம் போகும் வரை மூன்று நான்கு முறை செய்ய வேண்டும். பிறகு சர்க்கரைக் கரைசலில் மிதக்கவிட்டு, 100 ஆப்ஜெக்டிவில் எண்ணெய் விட்டுப் பாருங்கள். கழுவிய நீரைக் கழிவுத்தொட்டியில் ஊற்றக் கூடாது. தனிக் கலனில் சேர்த்து அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும்.

குறைந்தது 50 ஊசிஸ்டுகளின் நீளம், அகலம். அதே போல ஸ்போரோசிஸ்டுகள். சராசரியோடு சிறியது, பெரியது இரண்டையும் எழுதுங்கள். நீளத்தை அகலத்தால் வகுத்து வரும் வடிவ எண் அவசியம். 1-க்கு அருகில் என்றால் உருண்டை.

அளவு மட்டும் போதாது. சுவர் எத்தனை அடுக்கு, மைக்ரோபைல் எனும் நுண்துளை உண்டா, ஊசிஸ்டுக்குள் பிரிந்த பின் மிஞ்சிய துகள்கள் தங்கியிருக்கின்றனவா, துருவத் துகள் உண்டா, ஸ்போரோசிஸ்டின் கூர்முனையில் ஸ்டீடா குமிழ் இருக்கிறதா, ஸ்போரோசிஸ்டுக்குள் மிஞ்சிய துகள்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று ஒவ்வொன்றையும் எழுதி, படமும் வரைந்துகொள்ளுங்கள். ஒளிப்படம் ஒரு தளத்தைத்தான் பிடிக்கும். திருகை ஆட்டி ஆட்டிப் பார்த்து வரையும்போதுதான், மிஞ்சிய துகள் என்று நினைத்தது ஸ்போரோசாயிட்டின் ஒளிவிலகும் உருண்டை என்று தெரியவரும்.

புறாக்களின் ஐமேரியா இனங்கள் பலவற்றின் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். எல்லா அடையாளங்களும் ஓம்புயிரும் (ஒட்டுண்ணி வாழும் பறவை இனம்) பொருந்தாதவரை “ஐமேரியா, இனம் உறுதியில்லை” என்று நிறுத்திக்கொள்வதே நேர்மையான முடிவு. அதைத் தாண்ட வேண்டுமானால் எத்தனாலில் வைத்த பங்கை மரபணு ஆய்வுக்கு அனுப்பலாம்.

11. கிரிப்டோஸ்போரிடியத்துக்குச் சாயம்

உலர்ந்த பூச்சை மெத்தனாலில் 3 நிமிடம் நிலைப்படுத்துங்கள். கார்பால் ஃபுக்சின் 15 நிமிடம், சூடாக்க வேண்டாம். கழுவி, 1 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த மெத்தனாலில் 10 முதல் 15 நொடி. கழுவி, 0.4 சதவீத மாலகைட் பச்சை 30 நொடி. கழுவி உலர்த்தி, எண்ணெய் விட்டுப் பாருங்கள்.

பச்சைப் பின்னணியில் இளஞ்சிவப்பு முதல் அடர் சிவப்பு வரையான சிறு உருண்டைகள், உள்ளே கரும்புள்ளிகளோடு தெரியும். ஈஸ்ட் பச்சையாகும், மொட்டு விட்டிருக்கும். அமிலத்தில் அதிக நேரம் விட்டால் ஊசிஸ்டும் வெளுக்கும். குறைத்தால் ஈஸ்டும் சிவக்கும். தொற்று உறுதியான ஒரு பழைய ஸ்லைடை ஒவ்வொரு முறையும் கூடவே சாயமேற்றினால் இந்தச் சந்தேகம் எழாது.

12. முடிவைப் படிப்பது

நல்ல ஆரோக்கியமான வளர்ந்த புறாவும் கொஞ்சம் ஊசிஸ்ட் வெளியேற்றிக்கொண்டிருக்கும். எண்ணிக்கையை நோயின் அளவாக எடுக்காதீர்கள். ஊசிஸ்ட் எச்சத்தில் தெரிவதற்கு முன்பே ஒட்டுண்ணி குடல் செல்களுக்குள் பெருகி அவற்றைச் சிதைக்கிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட குஞ்சு, ஊசிஸ்ட் அதிகம் வெளியேறும் முன்பே இறந்திருக்கலாம்.

ரத்தம் கலந்த எச்சத்தைத் தேடுவதும் கோழிப் பண்ணையிலிருந்து வந்த பழக்கம். கோழியில் ரத்தம் கொட்டுவது பெரும்பாலும் பெருங்குடற்பைகளிலிருந்து. புறாவில் அவை வெறும் முளையளவே. புறாவில் இளகிய பச்சை எச்சம், மெலிவு, சோர்வு இவைதான் பொதுவாகத் தெரியும், இவையும் வேறு நோய்களில் வரும். இறந்த புறா முறையாகக் கிடைத்தால் சிறுகுடலை மூன்று இடங்களில் திறந்து, உட்சுவரைச் சுரண்டி ஈர ஸ்லைடில் பாருங்கள்.

ஒரு எச்சத்தில் இல்லையென்றால் அந்தப் பறவையில் இல்லை என்று ஆகாது. வெளியேற்றம் விட்டுவிட்டு நடக்கும். “எத்தனை எச்சம் பார்த்தோம், எத்தனையில் இருந்தது, எந்த முறையில்” என்ற மூன்றும் சேர்ந்தே எழுதப்பட வேண்டும்.

13. அடுத்த மாதிரிக்கு முன்

சாதாரண பிளீச் ஐமேரியா ஊசிஸ்டையும் கிரிப்டோஸ்போரிடியத்தையும் கொல்லாது. வடிகட்டி, குழாய், மெக்மாஸ்டர் ஸ்லைடு எல்லாவற்றையும் சோப்பும் பிரஷும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். சூடு தாங்கும் சாமான்களைக் கொதிநீரில் போட்டெடுங்கள். மெக்மாஸ்டர் ஸ்லைடைக் கொதிநீரில் போட்டால் வளைந்து கொள்ளளவு மாறிவிடும்.

கழுவிய வடிகட்டி வழியாக வெறும் தண்ணீரை ஊற்றி, அதையும் ஒரு மாதிரியைப் போலவே மிதக்கவிட்டுப் பாருங்கள். அதில் ஒரே ஒரு ஊசிஸ்ட் தெரிந்தாலும், கடைசியாக நன்றாகக் கழுவிய நாளுக்குப் பிறகு வந்த குறைந்த எண்ணிக்கைகள் எல்லாவற்றையும் பதிவேட்டில் சந்தேகக் குறியிட்டு, அந்தப் பங்குகளை மறுபடி பார்க்க வேண்டும்.